புது வண்டியில் ஏற்காடு எப்போது ஏறலாம்?

சேலத்தில் புது பைக் எடுத்தவரிடம் நண்பர்கள் மைலேஜைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது, "ஏற்காடு எப்ப?" என்பதைத்தான். சக்கரத்துக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம் காய்வதற்குள் நாள் குறித்துவிடுவார்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டினால் அடிவாரம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏரிக்கரையில் ஒரு டீ, ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி.

இன்னொரு பக்கம் வீட்டில் அப்பா, "ஆயிரம் கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் நாப்பதுக்கு மேல போகாத" என்பார். சாவி கொடுத்த ஷோரூம்காரர் அதையே ஐந்நூறு என்று குறைத்துச் சொல்லியிருப்பார். தெருமுனை மெக்கானிக்கோ, "மலை மட்டும் ஏத்திராத தம்பி, இன்ஜின் செத்துரும்" என்று ஒரே போடாகப் போடுவார்.

மூவரும் சொல்வது ஒன்றுதான்: மெதுவாகப் போ. எதற்கு என்று கேட்டால் பதில் வராது. காரணம் தெரியாமல் மெதுவாகப் போகிறவர்கள், டாப் கியரில் முப்பதில் உருட்டிக்கொண்டே ஆயிரம் கிலோமீட்டரைக் கடத்திவிடுகிறார்கள். புது இன்ஜினுக்கு அதைவிடக் கெடுதலான பழக்கம் அதிகம் இல்லை. அதனால் புது இன்ஜினைப் பழக்கும் ரன்னிங் இன் காலத்தில் இன்ஜினுக்குள் என்னதான் நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஏற்காட்டுக்குத் தேதி குறிப்பது அப்புறம் தானாக வரும்.

சிலிண்டருக்குள் நடப்பது

இன்ஜினின் நடுவில் ஒரு சிலிண்டர், அதற்குள் மேலும் கீழும் ஓடும் ஒரு பிஸ்டன். பிஸ்டன் சிலிண்டரை முழுக்க அடைத்துக்கொண்டு ஓடுவதில்லை. அப்படி இருந்தால் சூட்டில் விரிந்து சிக்கிக்கொள்ளும். அதனால் சுற்றிலும் மயிரிழை இடைவெளி விட்டுத்தான் செய்திருப்பார்கள். அந்த இடைவெளியை அடைப்பவை, பிஸ்டனைச் சுற்றி வெட்டிய பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும் ரிங்குகள். வழக்கமான ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில் மூன்று இருக்கும். மேல் ரிங், எரிந்த வாயு கீழே இறங்காமல் தடுக்கும். நடு ரிங் அதற்குத் துணை, ஆயிலையும் கொஞ்சம் வழித்துவிடும். கீழே இருப்பது ஆயில் ரிங். சுவரில் தெறித்த ஆயிலில் தேவையான அளவை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கீழே அனுப்பும்.

சிலிண்டரின் உட்சுவரைக் கடையும் போரிங் வேலை செய்கிற லேத் பட்டறை எதிலாவது, புதிதாகப் போர் போட்ட சிலிண்டர் ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். வழவழவென்று பளபளக்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படி இருக்காது. சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மெல்லிய கீறல்கள் சுவர் முழுக்க ஓடும். விரல் நகத்தை மெல்ல இழுத்தால் சன்னமான சொரசொரப்பு தட்டுப்படும். வேலை சரியில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஹோனிங் கல்லை உள்ளே விட்டுச் சுழற்றி, வேண்டுமென்றே போட்ட கீறல்கள் அவை. கீறலின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேட்டில் ரிங் உரசும். புது ரிங்கின் முகத்திலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. இரண்டும் உரசி, மேடுகளின் நுனி மட்டும் தேய்ந்து, ஆயில் தங்கும் பள்ளங்கள் அப்படியே நிற்க, ரிங் சுவரோடு சுற்றிலும் இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். "ரிங் செட் ஆகணும்" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

புதிதாகக் கொத்திய ஆட்டுக்கல்லில் முதல் நாளே இட்லிக்கு மாவாட்ட மாட்டார்கள். தவிட்டையோ பழைய அரிசியையோ போட்டு ஆட்டி, கல் தூள் கலந்த அந்த முதல் மாவை வெளியே கொட்டிவிடுவார்கள். புது இன்ஜினில் கம்பெனி ஊற்றி அனுப்பும் முதல் ஆயிலுக்கும் அதே கதிதான்.

இனிமேல்தான் முக்கியமான இடம். ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவது எது? ரிங்குக்கென்று ஒரு ஸ்பிரிங் விசை உண்டு. ஆனால் அது சொற்பம். பெட்ரோல் எரியும்போது எழும் வாயு, ரிங்குக்கும் அது உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்கும் நடுவே புகுந்து, பின்னாலிருந்து ரிங்கைச் சுவர்ப்பக்கம் தள்ளுகிறது. பெரிய அழுத்தம் அதுதான். ஆக்சிலேட்டரை முறுக்கினால் அது கூடும், விட்டால் குறையும். ஆக, இன்ஜினுக்கு வேலையே கொடுக்காமல் பொத்திப் பொத்தி ஓட்டினால் ரிங்கைத் தள்ளுவதற்கு ஆள் இல்லை. மேடுகள் தேய வேண்டிய அளவுக்குத் தேயாது. ரிங் தாண்டி மேலே வரும் ஆயில் சுவரிலேயே சூட்டில் காய்ந்து, கீறல்களை மெழுகி மூடிவிடும். கிளேசிங் என்று இதற்குப் பெயர். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பிறகு எவ்வளவு ஓட்டினாலும் ரிங் ஒழுங்காகப் பொருந்தாது. ஆயில் குடிக்கும், சைலன்சரில் நீலப் புகை வரும், இழுவை குறையும். சிலிண்டரைக் கழற்றி மறுபடி ஹோனிங் போடுவதுதான் வழி.

அதற்காக முதல் நாளே முழுசாக முறுக்கச் சொல்லவில்லை. புதுச் சுவரில் உரசல் அதிகம், உரசல் அதிகமானால் சூடும் அதிகம். 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு பக்கம் ஓடும் தூரம்) உள்ள ஒரு 100 சிசி இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 5,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 5,000 சுற்றில், பிஸ்டன் நொடிக்கு 83 முறை மேலே போய்க் கீழே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் அந்தச் சின்னக் குழாய்க்குள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம், அதுவும் ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பி. இதை நீண்ட நேரம் முழு ஆக்சிலேட்டரில் செய்தால், உயர்ந்து நிற்கும் மேடுகள் அளவுக்கு மீறிச் சூடாகிச் சுவரைக் கீறிவிடும். எனவே நடு வழி: அழுத்தம் கொடு, உடனே விடு. மறுபடி கொடு, மறுபடி விடு. கொடுக்கும்போது ரிங் உரசும், விடும்போது அந்த இடம் ஆறும். ரன்னிங் இன், பிரேக் இன் என்று பக்கம் பக்கமாகப் பேசுவதெல்லாம் சாரத்தில் இவ்வளவுதான்.

நாற்பது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது

அப்பா சொன்னது தவறில்லை. அவர் ஓட்டிய வண்டிக்கு அது சரி. ராஜ்தூத், யெஸ்டி, அப்புறம் 1985-இல் வந்து 1996 வரை ஓடிய யமஹா ஆர்எக்ஸ்100 எல்லாம் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். அந்த வகை இன்ஜினில் பிஸ்டனுக்குக் கிடைக்கும் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே வருவதுதான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல அடியில் ஆயில் தேங்கி நின்று சிலிண்டருக்குத் தெறிக்காது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் லைனர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். புது வண்டியை எடுத்த எடுப்பில் முறுக்கினால், விரிந்த பிஸ்டன் இருந்த இடைவெளியையும் தின்றுவிட்டுச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் நின்றுவிடும். இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்பார்கள். அந்தப் பயத்தில் பிறந்தது நாற்பது. பெட்ரோல் பங்கில் ஒரு மூடி ஆயில் கூடுதலாக ஊற்றச் சொன்னதும் அதே பயத்தால்தான்.

இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் பம்ப் தனியாக வேலை செய்கிறது. பாகங்களின் அளவும் முன்பைவிட நுணுக்கமாக வருகிறது. சீஸ் ஆகும் பயம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நாற்பது மட்டும் குடும்பச் சொத்தாகக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிராக, வாங்கிய அன்றே விரட்டி ஓட்டினால்தான் ரிங் நன்றாகப் பொருந்தும் என்று வாதாடும் ஒரு கட்சியும் உண்டு. வாயு அழுத்தம் வேண்டும் என்கிற அளவில் அவர்கள் பேச்சில் உண்மை இருக்கிறது. பந்தயத்துக்கு இன்ஜின் கட்டுகிறவர்களுக்கு அது சரிப்படலாம். கடன் போட்டு வண்டி எடுத்து அதில் வேலைக்குப் போகிறவருக்கு வாரண்டிதான் பெரிது. வண்டியோடு வரும் கையேட்டில் ரன்னிங் இன் என்று ஒரு பக்கம் இருக்கும். எவ்வளவு கிலோமீட்டர், எந்த அளவு வேகம் அல்லது ஆர்பிஎம் என்று அதில் எழுதியிருப்பதே இறுதி. நான் சொல்வதும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

கணக்கு ஸ்பீடாமீட்டரில் இல்லை, கியரில்

மூன்றாவது கியரில் 40 போவதும் ஐந்தாவது கியரில் 40 போவதும் இன்ஜினுக்கு ஒன்றல்ல. மூன்றாவதில் அது கலகலப்பாகச் சுற்றும். ஐந்தாவதில் சமதரையில் சமாளித்துவிடும். சின்ன மேடு வந்தாலும் திணறும். அந்தத் திணறலைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். டாப் கியரில் 25-க்கு இறங்கிவிட்டு, கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பாருங்கள், ஒரே ஒரு முறை. ஹேண்டில்பாரில் ஒரு நடுக்கம், டேங்கில் முழங்கால் படும் இடத்தில் ஒரு அதிர்வு, கீழே டுக் டுக் என்று ஒரு சத்தம். வண்டி வேகமெடுக்காது. அப்போது பிஸ்டனின் தலையில் அழுத்தம் ஏராளம். ஆனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் ஆயில் பம்ப்பும் மெதுவாகத்தான் தள்ளும். பேரிங்குகளில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நிற்க வேண்டிய ஆயில் படலம் சுழற்சியின் வேகத்தால்தான் உருவாகிறது. அந்த வேகம் இல்லாதபோது பாரத்தை ஏற்றுகிறோம். பழகிய இன்ஜினே இதைத் தாங்கச் சிரமப்படும்.

ஆர்பிஎம் மீட்டர் உள்ள வண்டி என்றால், முதல் சர்வீஸ் வரை சிவப்புக் கோட்டில் பாதி, அதற்கப்புறம் மெல்ல மெல்ல மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டர் இல்லாத வண்டியில் காதுதான் மீட்டர். திணறவும் கூடாது, அலறவும் கூடாது. நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஆக்சிலேட்டரைத் திருகிச் சூடேற்றுவது வேண்டாத வேலை. காலையில் ஸ்டார்ட் செய்தால் அரை நிமிடம் விட்டு, முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த வகையில் சேலத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஐந்து ரோடு, நான்கு ரோடு, அஸ்தம்பட்டி என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படுவதே புது இன்ஜினுக்கு நல்ல பயிற்சி. ஒவ்வொரு முறையும் முதல் கியரிலிருந்து மூன்று, நான்கு வரை போய் இறங்கி வருகிறோம். மதிய வெயிலில் ஊர்ந்து போகும் நெரிசலை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு நகர்ந்தால்தான் காற்று.

நெடுஞ்சாலைதான் ஏமாற்றும். தர்மபுரி போகிற நான்கு வழிச்சாலையில் 55-இல் ஆக்சிலேட்டரை நிறுத்தி ஒரு மணி நேரம் அசையாமல் போவது பொறுப்பான ஓட்டுதலாகத் தெரியும். ரிங்குக்கோ அந்த நேரம் முழுக்க ஒரே வேகம், ஒரே அழுத்தம். போதாக்குறைக்குத் திரும்பி வரும்போது தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே புது பிரேக்கை நம்பி இறங்க வேண்டியிருக்கும். தூரம் போகத்தான் வேண்டும் என்றால் ஓமலூரில் பிரிந்து மேச்சேரி வழியாக மேட்டூர் போய் வாருங்கள். ஊர் வரும், வேகத்தடை வரும், ஆடு குறுக்கே வரும், டவுன் பஸ் முன்னால் நிற்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். இன்ஜினுக்கு வேண்டிய ஏற்ற இறக்கம் முழுவதும் அந்த எரிச்சலுக்குள் இருக்கிறது.

ஸ்கூட்டருக்குக் கியர் இல்லை. ஆக்சிலேட்டரை மட்டும் ஏற்றி இறக்கி ஓட்டினால் போதும். மின்சார ஸ்கூட்டரில் பொருத்தி எடுக்க ரிங்கே கிடையாது. ஆனால் அடுத்துச் சொல்லப்போவது அதற்கும் சேர்த்துத்தான்.

முதல் நாள் மலை வேண்டாம் என்பதற்கு உண்மையான காரணம்

முதல் வாரத்தில் ஏற்காடு வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். என் காரணம் டயரும் பிரேக்கும்.

புது டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். அது தேய்ந்து சொரசொரப்பு வெளியே வர நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஆகும். நேர்ச் சாலையில் ஓட்டினால் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தேயும். கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது தரையைத் தொடுவது அந்த ஓரம், இன்னும் தோல் உரியாத ஓரம். மலையில் மஞ்சு இறங்கி, சாலை ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பிரேக் பேடுக்கும் டிஸ்க்குக்கும்கூட ஒன்றோடொன்று பொருந்த நாள் வேண்டும். டிரம் பிரேக்கில் லைனிங்குக்கும் அப்படியே. முதல் சில நாட்களில் பிரேக் பிடிப்பது நாம் எதிர்பார்க்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். ஆளில்லாத சாலையில் 40-இலிருந்து 10 வரை அழுத்தமாக, ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிடித்து, கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி பிடித்துப் பழக்குங்கள். வளைவுகள் உள்ள ஊர்ச் சாலைகளில் போய் டயரின் ஓரங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். முதல் சர்வீஸும் முடிந்துவிட்டால் அப்புறம் தாராளமாக மலைக்குப் புறப்படலாம்.

சரி, மலை ஏறினால் இன்ஜின் செத்துவிடும் என்பது? அதையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். 140 கிலோ வண்டி, 70 கிலோ ஆள், இரண்டையும் 1,200 மீட்டருக்கு மேல் தூக்க வேண்டும். அதற்குத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 25 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 320 லட்சம் ஜூல் இருக்கிறது; இன்ஜின் அதில் கால் பங்கைத்தான் உருப்படியான வேலையாக மாற்றும். எனவே தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 300 மில்லி பெட்ரோல் போகிறது. கிட்டத்தட்ட முக்கால் பங்கு சூடாக வெளியேறுகிறது, சைலன்சர் வழியாகவும் சிலிண்டரின் இறக்கைகள் வழியாகவும். சமதரையில் இந்த 300 மில்லியே தேவையில்லை. மெக்கானிக்கின் பயத்துக்கு அடிப்படை இந்தக் கூடுதல் சூடுதான். இதோடு மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. சேலத்தில் இருப்பதைவிட ஏற்காட்டில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. வண்டியின் இழுவை குறைவதைக் கை உணர்ந்து, தன்னையறியாமல் இன்னும் முறுக்கும்.

சூட்டைச் சமாளிக்க முடியும். மலைச்சாலையின் மற்ற குணங்களைப் பாருங்கள்: ஓயாமல் கியர் மாற்றம், முறுக்குவது, வளைவுக்கு முன் விடுவது, மறுபடி முறுக்குவது. ரிங்குக்கு வேண்டியது என்று மேலே சொன்னதெல்லாம் இந்தச் சாலையில் தானாகவே நடக்கிறது. கெடுப்பது இரண்டே விஷயங்கள்: பெரிய கியரில் திணறடிப்பது, பாரம் ஏற்றுவது. வளைவுக்குள் நுழைந்த பிறகு வண்டி அடங்கி, அவசரமாகக் கியரைத் தட்டுகிறார்கள் பலர். வளைவு கண்ணில் பட்டதுமே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். செங்குத்தான வளைவில் மேலிருந்து பஸ் இறங்கினால் முதல் கியருக்கு வரவும் தயங்க வேண்டாம். பஸ் வளைவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அது கடக்கும் வரை நின்று போவது இன்ஜினுக்கும் ஆறுதல். பின்னால் ஆளும் பையும் வைத்துக்கொண்டு முதல் முறை ஏற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் மே மாதக் கோடைவிழா நாட்களும் வேண்டவே வேண்டாம். கார்களுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தால் சூடு ஏறும், காற்று கிடைக்காது. வார நாளில் விடியற்காலையில் கிளம்பினால் பாதி பிரச்சினை தீர்ந்தது.

நடுவழியில் நிறுத்தினால் இன்ஜினை அரை நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்து, ஐந்து பத்து நிமிடம் காத்திருங்கள். தின்பண்டப் பையை ஹேண்டில்பாரில் மாட்டி வைக்காதீர்கள். அங்கே உள்ள குரங்குகளுக்குப் புது வண்டி, பழைய வண்டி என்ற பேதம் கிடையாது; சீட்டையும் சேர்த்துக் கிழித்துவிடும்.

இறங்கும்போது நடப்பதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை. நியூட்ரலில் போட்டோ, இன்ஜினையே அணைத்துவிட்டோ உருட்டிக்கொண்டு வருகிறவர்களை இந்தச் சாலையில் தினமும் பார்க்கலாம். பெட்ரோல் மிச்சமாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கொண்டவை. அவற்றில் பலவற்றில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால் பெட்ரோல் வருவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டால் ஐடிலுக்காகப் பெட்ரோல் செலவாகும். மிச்சம் பிடிக்கப்போய் செலவு. அதைவிட முக்கியம், நியூட்ரலில் வண்டியைத் தாங்க பிரேக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. 20 வளைவுக்கும் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் புது பேட் காய்ந்து, அடிவாரம் வரும் முன்பே பிடிப்பு தளர ஆரம்பிக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினே பிடித்து நிறுத்தும். அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் உண்டாகும் உறிஞ்சல் ரிங்குகளுக்குக் கொஞ்சம் ஆயிலை இழுத்துக் கொடுக்கும், சூடும் இறங்கும். ஸ்கூட்டரில் இந்த இன்ஜின் பிரேக்கிங் குறைவு. அதனால் ஸ்கூட்டர்காரர்கள் நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி, பிரேக்கை ஆறவிட்டு இறங்குவது நல்லது.

முதல் ஆயில்

முதல் சர்வீஸைப் பெரும்பாலான கம்பெனிகள் 500-லிருந்து 1,000 கிலோமீட்டருக்குள் வைத்திருக்கின்றன. நாள் கணக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். எது முதலில் வருகிறதோ அதற்குப் போய்விட வேண்டும். "வண்டி நல்லாத்தான ஓடுது, அடுத்த மாசம் விட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாத ஒரே சர்வீஸ் இதுதான்.

டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வாளியில் விழும் ஆயிலை ஒரு குச்சியால் எடுத்து வெயிலில் காட்டிப் பாருங்கள். கறுப்புக்குள் சன்னமான வெள்ளி மினுமினுப்பு தெரியும். ரிங்கிலும் சுவரிலும் கியர் பற்களிலும் தேய்ந்த உலோகம் அது. போல்ட்டின் முனையில் காந்தம் வைத்த வண்டி என்றால், சாம்பல் நிறத்தில் குழைவாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். தொட்டால் விரலில் மை மாதிரி அப்பிக்கொள்ளும். இந்த அளவு இருப்பது இயல்பு. கண்ணுக்குத் தெரிகிற துண்டாகவோ சில்லாகவோ வந்தால்தான் கேட்க வேண்டும். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். அதனால் இந்தத் தூள் மூன்று இடத்துக்கும் சுற்றும். ஃபில்டர் இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். வலை மட்டும் உள்ள வண்டியில் அதைக் கழுவிப் போட வேண்டும்.

புது ஆயில் கையேட்டில் உள்ள கிரேடுதான். 10டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் அதுவே. கெட்டியாக இருந்தால் நல்லது என்று மாற்ற வேண்டாம். டப்பாவில் பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான குறியீடு, ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, இருக்கிறதா பாருங்கள். காருக்கான ஆயில்கள் சிலவற்றில் வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்த்திருப்பார்கள். காருக்கு நல்லது, ஆயிலில் ஊறிக்கிடக்கும் பைக் கிளட்ச் அதனால் வழுக்கும்.

அதே சர்வீஸில் செயின் தளர்வு, டேப்பெட் இடைவெளி, கிளட்ச் கேபிள், போல்ட் முறுக்கம் எல்லாம் பார்ப்பார்கள். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரத்தான் செய்யும்.

பழைய வண்டிக்குப் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்றினாலும், மேலே சொன்னது அத்தனையும் முதலிலிருந்து பொருந்தும். ஓடோமீட்டர் 60,000 காட்டலாம். சிலிண்டருக்குள் வண்டி இன்று பிறந்தது.

முதல் ஆயிரத்தில் மைலேஜ் குறைவாக வந்தால் பதற வேண்டாம். உரசல் குறையக் குறைய அது ஏறும். பார்க்க வேண்டியது ஆயில் லெவலைத்தான். வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் தப்பாகக் காட்டும். சமதளத்தில் நிமிர்த்தி நிறுத்தி, இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். இரண்டாவது ஆயில் மாற்றும் வரை வாரம் ஒரு முறை, மலை போய்வந்தால் மறுநாள் காலையில் ஒரு முறை. முதலில் லேசாகக் குறைந்து பிறகு ஒரே இடத்தில் நின்றுவிட்டால் ரிங் பொருந்திவிட்டது. இரண்டாவது சர்வீஸ் நெருங்கியும் குறைந்துகொண்டே போனாலோ, நன்றாகச் சூடான பிறகும் நீலப் புகை வந்தாலோ, ஷோரூமில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு குறைந்தது என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டியில் சிலிண்டரைக் கழற்ற வைப்பதற்கு அந்தத் தாள்தான் பேசும்.